கிழிபடாத ஐந்து சதம்

ஹட்டன் கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர், மழை ஓயாத ஒரு பிற்பகலில், மேசை இழுப்பறையின் அடியிலிருந்து சணல் நூலால் கட்டிய காகிதக் கட்டு ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினார். அந்தக் கையும் அந்தக் கட்டும் அரை நூற்றாண்டு கடந்த பின்னும் எனக்குத் துலக்கமாகத் தெரிகின்றன. விரல் நுனிகளில் துணியில் கோடு போடும் நீலச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அந்தக் கட்டுக்குள் இருந்தவை யுத்த காலத்துச் சில்லறைத் தாள்கள். இலங்கை ரூபாய்க்கு நூறு சதம். நாணயம் அடிக்க உலோகம் கிடைக்காமற்போன நாட்களில் பத்துச் சதத்துக்கும் இருபத்தைந்து சதத்துக்கும்கூட அரசாங்கம் காகிதத்தையே அச்சிட்டு விட்டது. யுத்தம் முடிந்து நாணயங்கள் திரும்பியதும் அந்தத் தாள்களை வாங்குவார் இல்லாமற்போயினர். அவர் கட்டை நீட்டியது, ரூபாய் நோட்டில் அரசரின் முகம் போய் இளம் அரசியின் முகம் வந்திருந்த காலத்தில்.

“மாஸ்டர், இத இப்ப ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்ல. வீசவும் மனசு வருதில்ல. வூட்ல புள்ளைக்குக் குடுங்க, வெளையாடட்டும்” என்றார்.

என் மனைவியின் வளைகாப்புக்கு அவருடைய கடையில்தான் சேலை எடுத்தோம். மாதத்தை அவர் நினைவில் வைத்துக் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும், பிறந்த மறுநாள் இல்லாமற்போனதும் அவருக்குத் தெரிய வழியில்லை. நான் ஆங்கிலமும் தமிழும் முறையாகக் கற்றவன். ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டையும் கற்பித்து வந்தவன். அந்த நேரத்தில் இரண்டு மொழியிலும் எனக்கு ஒரு வாக்கியம் அகப்படவில்லை. நன்றி சொல்லிக் கட்டை வாங்கி, கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டு, நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன்.

நோர்வூட்டில் எங்கள் வாடகை வீடு பெரிய பாதையை ஒட்டி இருந்தது. அங்கே என் மனைவி சமைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். வாசலுக்கு வெளியே கால் வைக்கவில்லை. எதையும் வேண்டும் என்று கேட்கவில்லை. துயரம் அழுகையாக வந்திருந்தால் அருகில் இருந்து ஏதாவது செய்திருப்பேன். அவளிடம் அது ஒரு பெரிய மரியாதையாக வந்து அமர்ந்திருந்தது. கடைக்குப் போகும்போது என்ன வாங்கி வர என்று கேட்பேன். “ஒண்ணும் வேணாங்க” என்பாள். அந்த இரண்டு சொற்களுக்கு நான் அஞ்சத் தொடங்கியிருந்தேன்.

கட்டை ஒளித்துவைக்க வேண்டும் என்று நான் எண்ணவில்லை. எடுத்துக் கொடுக்கவும் கை வரவில்லை. நனைந்த கோட்டை அடுப்பருகே காயப்போட எடுத்தவள் அதைக் கண்டாள். என்ன என்று கேட்டாள். கடைக்காரர் சொன்னதைச் சொன்னவாறே சொன்னேன். புள்ளைக்கு என்ற சொல்லையும் விடவில்லை. விட்டிருந்தால் அவள் கண்டுபிடித்திருப்பாள். அவள் பாயை விரித்து உட்கார்ந்து, சணல் முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு தாளாக எடுத்து மடிப்பை நீவி விரித்து வைக்கத் தொடங்கினாள்.

இரண்டு நாட்கள் தாள்கள் பாயிலேயே விரிந்து கிடந்தன. மூன்றாம் நாள் மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, வெகுநாட்களுக்குப் பின் அவளாகவே பேச்சைத் தொடங்கினாள். “என்னங்க, இதுல ரெண்டு சதம் இருக்கு, மூணு சதம் இருக்கு. எல்லாத்துலயும் ஒரு பக்கம் பல்லுப் பல்லா கிழிஞ்சிருக்கு, பாத்தீங்களா?” பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. அவை இரண்டும் முதலில் ஒரே தாள், ஐந்து சதம். தபால்தலைகளுக்கு இடையே இருப்பது போல நடுவே ஒரு துளைவரிசை. வேண்டியபோது பிய்த்து, இரண்டாகவும் மூன்றாகவும் செலவழிக்கலாம். தீப்பெட்டிக்கு ஒரு துண்டு, வெற்றிலைக்கு ஒரு துண்டு என்று நாடு முழுவதும் பிய்த்தது. விவரத்தைச் சொன்னேன். பாயில் இருந்த துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துவைத்துப் பொறுமையாகப் பொருத்திப் பார்த்தாள். எந்த இரண்டின் பற்களும் ஒன்றுக்கொன்று இசையவில்லை.

“பிய்க்காதது ஒண்ணு வேணுங்க” என்றாள்.

எங்கள் வீட்டில் காகிதப் பணம் சேர்க்கும் பழக்கம் தொடங்கியது இவ்வாறுதான். உலகில் இதற்கென்று சங்கங்களும் விலைப்பட்டியல்களும் இருப்பது எங்களுக்குத் தெரியாது. வேண்டும் என்று அவள் சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தொடக்கத்தில் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அழுக்குத் தாள்களை அவள் சவர்க்காரத்தில் அலசினாள், சில வெளுத்துப்போயின. கோதுமைமாப் பசை காய்ச்சி, நான் கொண்டுவந்த பழைய வரைபடப் புத்தகம் ஒன்றில் வரிசையாக ஒட்டினாள். நோர்வூட் மழை எப்படிப்பட்டது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் புத்தகத்தைத் திறந்தபோது பசை இருந்த இடமெல்லாம் பச்சைப் பூஞ்சணம் பூத்திருந்தது. பூச்சிகள் மிச்சத்தைத் தின்னத் தொடங்கியிருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் லிந்துலையிலிருந்து வந்திருந்தார். ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். எனக்கு மச்சான், என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டாலும் மரியாதை ஓர் அளவோடுதான். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தங்கையின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“ஊர்ல எல்லாரும் செல்லுற நோட்டத் தேடி ஓடுறாங்க. நீ செல்லாத நோட்டத் தேடுறியாக்கும்” என்றார்.

“செல்லுறது ஒங்க மாப்பிள்ள சம்பளத்துல வருதுண்ணே. அது வந்த வேகத்துலயே போயிருது. இது இருக்கும்ல” என்றாள் அவள்.

மச்சான் என்னைப் பார்த்தார். அவள் அண்ணனுக்கு எதிர்வாய் கொடுத்து மாதங்கள் ஆகியிருந்தன. அவர் சிரிக்கவில்லை. தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் பேசினார். “தேயிலைக்குச் செய்யிறத இதுக்குச் செஞ்சா என்ன? ஈரம் உள்ளுக்குப் போகாமத்தான நாங்க பெட்டிக்குள்ள ஈயத்தாள் விரிக்கிறோம்.” அடுத்த வருகையில் தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் அந்தத் தாளில் ஒரு சுருளும், வெட்டிக் குறுக்கிய பெட்டி ஒன்றும் கொண்டுவந்தார். பசையை நாங்கள் கைவிட்டோம். ஒவ்வொரு தாளும் மடித்த காகிதத்துக்குள், காகிதம் ஈயத்தாளுக்குள், எல்லாம் பெட்டிக்குள். எங்கள் சேகரிப்பில் தேயிலை மணம் ஏறியது அதனால்தான். பிற்காலத்தில் ஒரு நிபுணர் அதைக் குறையாகச் சொன்னார். நாங்கள் அப்படி நினைக்கவில்லை.

ஞாயிறுதோறும் சுற்றுத் தோட்டங்களிலிருந்து பெண்கள் சாமான் வாங்க நோர்வூட் கடைகளுக்கு எங்கள் வாசல் வழியாகத்தான் இறங்குவார்கள். அவள் வாசற்படியில் நின்று கேட்கத் தொடங்கினாள். “பழைய அஞ்சு சத நோட்டு இருக்குங்களா? பிய்க்காதது?” முதல் வாரம் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். வாத்தியாரம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒரு பேச்சு என் காதுக்கும் வந்தது. பிறகு அவர்கள் கொண்டுவரத் தொடங்கினார்கள். பாதி நோட்டுகள், அரிசிக் கூப்பன், இராமேசுவரம் போன ரயில் சீட்டு, தீப்பெட்டிப் படம், யாரோ ஒருவருடைய தகப்பனார் வைத்திருந்த விக்டோரியா காலத்துத் தபால்தலை. காசு கேட்டவர்கள் சிலர். ஒரு வாய் தேநீர் குடித்துப் பேசிவிட்டுப் போனவர்களே அதிகம். எதையும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், என் மனைவியைவிடச் சில வயது மூத்தவர், படியில் நின்றார். கம்பளியைத் தலையிலிருந்து இறக்கவில்லை.

“வாத்தியாரம்மா, நீங்க தேடுறது எங்கிட்ட இருக்குங்க. ஆனா குடுக்க ஏலாது.”

“ஏன்க்கா?”

“அது சாமியோடதுங்க.”

நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். என் பேனா நின்றது. “பாக்க மட்டும் செய்யலாமா?” என்று என் மனைவி கேட்பது கேட்டது. “பாக்கலாங்க. பாத்தா அம்மன் ஒண்ணும் சொல்லாது. ஆனா இங்க கொண்டார மாட்டேன். நீங்கதான் வரணும்.”

அவள் உள்ளே வந்து செருப்பைத் தேடினாள். அது கட்டிலுக்கு அடியில், தோல் வார் முழுவதும் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. சேலைத் தலைப்பால் துடைத்து அணிந்துகொண்டு, “வர்றீங்களா?” என்றாள். விடைத்தாள்களை அப்படியே விட்டுவிட்டு நானும் புறப்பட்டேன்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் மலையின் பாதி உயரத்தில் இருந்தது. அவள் மூச்சு வாங்க ஏறினாள், நடுவே நிற்கவில்லை. அந்த அக்காவின் அறையில் அடுப்புப் புகை படிந்த சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில், ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. எங்கள் மக்களிடையே இந்த வழக்கம் இன்றும் உண்டு. வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால், குலதெய்வத்தை நினைத்து ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்துவைப்பார்கள். நோய் தீர்ந்ததும் கோயிலுக்குப் போய் உண்டியலில் சேர்க்க வேண்டும். யுத்த காலத்தில் அந்த அக்காவின் கைக்குழந்தைக்கு அம்மை போட்டபோது, முடிந்துவைக்க வீட்டில் நாணயம் இல்லை. கையில் இருந்தது அன்றைக்குக் கிடைத்த ஐந்து சதத் தாள் ஒன்றுதான்.

“எல்லாரும் பிச்சுப் பிச்சு செலவழிச்சாங்க. சாமிக்கு முடியிறதப் பிக்கலாமுங்களா? முழுசா வச்சு முடிஞ்சேன்” என்றபடி அவர் முடிச்சை அவிழ்த்தார்.

மஞ்சள் ஊறி, ஓரங்கள் மென்மையாகி, மடிப்பில் மட்டும் வெளிறிய ஒரு தாள். நடுவே துளைவரிசை. இடப்புறமும் வலப்புறமும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தன. என் மனைவி தொடவில்லை. முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து பார்த்தாள்.

“புள்ளைக்கு என்னாச்சுக்கா?” என்று கேட்டாள்.

“இந்தா நிக்கிறானே.”

வாசலில் அம்மைத் தழும்பு நிறைந்த முகத்தோடு ஒரு பையன், வாத்தியார் வந்திருக்கிறாரே என்ற அச்சத்தில் உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றான். என் மனைவி திரும்பினாள். அந்தத் தாளைப் பார்த்ததைவிட நீண்ட நேரம் அவனைப் பார்த்தாள். பிள்ளை பிறந்து போன பிறகு அவள் எந்தக் குழந்தையையும் நேராகப் பார்த்ததில்லை; பாதையில் பிள்ளைகள் போனால் உள்ளே போய்விடுவாள். இப்போது அவனிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். ரொட்டி என்றான். என்ன சம்பல் என்று கேட்டாள். அவன் சொன்னான். அவ்வளவுதான். நான் வெளியே போய்த் தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி சற்று நின்றேன்.

புறப்படும்போது அவள் ஒரு முயற்சி செய்யாமல் இல்லை. “அக்கா, நான் புது ரூபா நோட்டு ஒண்ணு தர்றேன். அதை முடிஞ்சு வைங்க. இதை எனக்குத் தாங்களேன்.” அந்த அக்கா யோசிக்கக்கூட இல்லை. “அம்மனுக்கு நான் அன்னிக்குக் காட்டுனது இந்தத் தாளுங்க. மாத்திப் போட்டா, இது யாரு போட்டதுன்னு கேட்டுப்புடும்.” அம்மன் கோயில் கடலுக்கு அப்பால், திருச்சிப் பக்கத்தில் அவருடைய தகப்பனார் ஊரில் இருந்தது. என்றைக்காவது போகும்போது சேர்ப்பதாக எண்ணம்.

இறங்கி வரும்போது அவள் முகத்தில் ஏமாற்றத்தை எதிர்பார்த்தேன். “கெடைக்கலன்னாலும் பரவால்லங்க. முழுசா ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருச்சு” என்றாள். பாதி வழியில் நின்று, “அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரலாமா? அந்தப் பையன் கணக்குல மக்குன்னு அக்கா சொன்னாங்க” என்று கேட்டாள்.

மச்சான் இதைக் கேட்டுவிட்டு, “சாமிகூடப் போட்டி போட்டுத் தோத்த மொத ஆளு என் தங்கச்சிதான்” என்றார். அவரே வட்டவளையிலிருந்து பொகவந்தலாவை வரை தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். பிய்க்காத ஐந்து சதம் வேறு எங்கும் அகப்படவில்லை. ஆனால் தேடப்போன இடங்களில் மற்றவை அகப்பட்டன. பர்மாவிலிருந்து நடந்து வந்த ஒருவர் வைத்திருந்த ஜப்பானியர் காலத்து நோட்டு, மலாயா டாலர், இந்திய ஒற்றை ரூபாய்த் தாள்கள். பெட்டி இரண்டானது. தாளின் கோட்டோவியங்களையும் எழுத்து வடிவங்களையும் பற்றி நான் விளக்குவேன். அவள் அந்தத் தாள் யாருடைய கையில், எந்த முடிச்சில் இருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பாள். எது சேகரிப்பு என்ற கேள்விக்கு என்னுடைய விடையைவிட அவளுடைய விடை சரியானது என்று இப்போது கருதுகிறேன். சில ஆண்டுகளில் எங்களுக்கு மகள் பிறந்தாள். அவள் பிறந்ததால்தான் வீடு மீண்டது என்று உறவினர் சொல்வதுண்டு. வீடு அதற்கு முன்பே மீண்டிருந்தது என்பதை அறிந்தவன் நான்.

அறுபதுகளின் நடுவில், தோட்டத் தமிழரில் யார் இலங்கையில் இருப்பது யார் இந்தியாவுக்குப் போவது என்று இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்த காலத்தில், சில குடும்பங்கள் முன்கூட்டியே புறப்பட்டன. அந்த அக்காவின் குடும்பமும் அவற்றில் ஒன்று. வழியனுப்ப ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். மேடை முழுவதும் தகரப் பெட்டிகளும், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுகிறவர்களும். தழும்பு முகத்துப் பையன் மீசை வைத்த இளைஞனாக மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அந்த அக்கா மடியிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தார்.

“வாத்தியாரம்மா, அங்க இது செல்லாதாமுங்க. இலங்கைக் காசைப் போயி எங்கூரு அம்மனுக்கு முடிஞ்சு வச்சிருக்கேன் பாருங்க, அப்ப தோணவே இல்ல. இத்தன வருசமா நீங்களும் பாத்துக்கிட்டே இருந்தீங்க. நீங்களே வச்சுக்கங்க.”

என் மனைவியின் கை நீண்டது. நான் பார்த்தேன். வாங்கினாள், முடிச்சை அவிழ்த்துத் தாளை விரித்து, ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்தாள். துளைவரிசை வழியே சிறு சிறு புள்ளிகளாக வானம் தெரிந்தது. பிறகு மடித்து, துணியில் வைத்து, அவளே இறுக்கி முடிந்தாள்.

“இது இங்கயே செல்லாத நோட்டுக்கா. செல்லாமப் போச்சுன்னு அம்மன் இத்தன வருசமா புள்ளையக் கைவிட்டுச்சா? அங்க போனதும் மட்டும் கணக்குப் பாக்குமா? கொண்டு போய்ப் போடுங்க.”

அந்த அக்கா அழுதார். இடையே சிரிக்கவும் செய்தார். வண்டி நகர்ந்தபோது என் மனைவி, பெட்டியிலிருந்து எடுத்துவந்திருந்த இந்திய ரூபாய்த் தாள்களை அந்த இளைஞனின் கையில் திணித்தாள். அவை எங்களிடம் இருந்தவற்றில் நல்லவை. அவை அங்கே செல்லும்.

திரும்பும் பஸ் டிக்கோயாவைத் தாண்டிய பிறகு அவள், “அப்ப இன்னும் தேடணுங்க” என்றாள். அந்தக் குரலில் துயரம் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

அவள் சென்ற ஐப்பசியில் காலமானாள். அதற்கு முந்தைய வாரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து, “கெடச்சிச்சா?” என்று கேட்டாள். எதை என்று நான் கேட்கவில்லை. “இல்லை” என்றேன். “சரி” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன் பின் சில மாதங்கள் நான் வீட்டை விட்டு வெளியேறவில்லை. சமைத்துக் கொடுத்தார்கள், உண்டேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து மகள் அழைத்து, என்ன அனுப்ப என்று கேட்கும்போதெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்றேன். ஒருநாள் அவள், கணினியில் தேடிப் பார்த்ததாகவும், பிய்க்காத ஐந்து சதத் தாள் கொழும்பிலேயே ஒருவரிடம் விற்பனைக்கு இருப்பதாகவும், வாங்கி அனுப்பட்டுமா என்றும் கேட்டாள். விலை பெரிதல்ல. அவசரமில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான், நான் ஏதோ ஒன்றைச் செய்வதாக ஒப்புக்கொண்டிருப்பது எனக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். புடவைக் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் நான் கேட்டதை இரண்டு முறை சொல்லவைத்தார். பிறகு மரியாதையாக எழுந்து, இழுப்பறையைத் திறந்து, உண்மையாகவே ஒருமுறை தேடிப் பார்த்தார்.

“இல்லைங்க ஐயா. யார்கிட்டயாவது கேட்டு வைக்கிறேன். அடுத்த கெழம வாங்களேன்” என்றார்.

வருகிறேன் என்றேன். மழை விட்டிருந்தது. அடுத்த கடையிலும் கேட்டேன்.